மூடி மாறிய தட்டு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பஞ்சக்கா என்றுதான் பேர். பஞ்சு செய்கிற அக்கா, பஞ்சக்கா. தலையணைக்குள் திணிக்கிற பஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். இறால் ஓட்டைக் கழுவிக் காயவைத்து, அரைத்து, அதிலிருந்து ஒரு வெள்ளைப் பொடி எடுப்பார்கள். அந்தப் பொடியை அமிலத்தில் கரைத்து, உறையவைத்து, உறைந்த நிலையிலேயே ஈரத்தை உறிஞ்சி எடுத்தால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை கிடைக்கும். தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும், உள்ளே ஆயிரம் ஓட்டை இருக்கும். கிருமி தின்று குழி விழுந்த எலும்புக்குள் அதை வைத்து மூடிவிட்டால், எலும்பு அந்த ஓட்டைகளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறி வளரும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறோமே, அந்த மாதிரி. ஒரே வித்தியாசம், இந்தச் சாரத்தைப் பிரிக்க ஆள் வேண்டாம். வேலை முடிந்ததும் தானாகக் கரைந்து போய்விடும்.

பதினொரு வருஷமாகப் பஞ்சக்கா இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தாலும் கையில் இறால் வாடை போகாது. அதைச் சொல்லிச் சொல்லி மாமியாருக்கு வாய் ஓய்ந்ததே இல்லை.

"ஊர்ல எல்லாரும் மருமக வந்தா மஞ்சத் தண்ணி தெளிப்பாங்க. எங்க வீட்ல மூக்கப் பொத்திக்கறோம்" என்பாள். சொல்லிவிட்டு அவளே சோப்பை எடுத்து நீட்டுவாள். கல்நெஞ்சக்காரி ஒன்றும் இல்லை, வாய்தான்.

போன மாதம் வரை எல்லாம் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அந்த வட்டம் வந்தது.

வட்டம் என்றால் இதுதான். பஞ்சு கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மூடிபோட்ட சின்னக் கண்ணாடித் தட்டில் கூழ் மாதிரி ஒன்றை ஊற்றி உறையவிட்டு, அதன்மேல் கிருமியைத் தடவி, நடுவில் ஒரு வில்லையை வைப்பார்கள். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி பால் ஆடை மாதிரிப் படர்ந்திருக்கும். வில்லைக்குக் கிருமியைக் கொல்கிற சக்தி இருந்தால் மட்டும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம் சுத்தமாக, வட்டமாக, கண்ணாடி தெரிய நிற்கும். இந்தச் சோதனையைச் செய்கிறவருக்குக் கிருமிக்காரர் என்று பேர். பாவம், தங்கமான மனுஷர். ஆனால் அவர் கையால் பிஸ்கட் நீட்டினால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள்.

அன்றைக்கு அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு பஞ்சக்காவின் மேசைக்கே ஓடி வந்தார்.

"பஞ்சக்கா, இதப் பாருங்க, இதப் பாருங்க!"

"என்ன, மறுபடியும் பூஞ்சை புடிச்சிடுச்சா?"

"பூஞ்சையாவது ஒண்ணாவது! மருந்து ஏத்தின பஞ்சுக்கு வட்டம் வந்தா அதுல அதிசயம் இல்ல. இது வெறும் பஞ்சு. ஒரு துளி மருந்து கிடையாது. பதினாலு மில்லிமீட்டர் வட்டம்! ஆறு தட்டுல ஆறும் இப்படித்தான்."

தலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்த மேடம், ஆய்வுக்கூடத்துக்குத் தலைவி, உள்ளறையிலிருந்து வந்தார். தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அப்புறம் பஞ்சக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இது புதுக் கலவைல நீ போட்ட மொத வில்லைங்கதானேம்மா? என்னம்மா செஞ்ச நீ?" என்றார். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் கேக் வெட்டினார்கள். வட்டத்தைப் படம் எடுத்து, பெரிதாக்கி, நடைவழிப் பலகையில் ஒட்டினார்கள். பக்கத்திலேயே பஞ்சக்காவின் படமும். அதில் அவள் முகம் கல்யாணப் பெண் மாதிரி உப்பியிருந்தது.

இதில் அவளுக்கு இரட்டைச் சந்தோஷம். ஏனென்றால் இந்தப் பஞ்சுக்காகக் காத்திருந்த முதல் ஆள் வேறு யாரும் இல்லை, அவள் கொழுந்தன்.

கொழுந்தனுக்குத் தொழிலே சாரம் கட்டுவது. ஆறு மாடி, எட்டு மாடி என்று கட்டடத்துக்கு வெளியே மூங்கிலும் கயிறுமாகக் குரங்கு மாதிரித் தாவிக்கொண்டிருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் கிருமி உள்ளேயே தங்கிவிட்டது. மூன்று முறை திறந்து சுரண்டியாகிவிட்டது. இன்னும் சின்னத் துவாரம் ஒன்று, அதிலிருந்து நிற்காமல் சீழ். மாத்திரை தின்று தின்று சிறுநீரகம் வேறு களைத்துப்போய்விட்டது. "இனிமே இந்த மருந்து குடுத்தா சிறுநீரகம் போயிடும், குடுக்கலன்னா காலு போயிடும்" என்று எலும்பு டாக்டர் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் இந்த வட்டம் வந்தது. மருந்தே இல்லாமல் கிருமியைக் கொல்கிற பஞ்சு! இவனுக்கென்றே செய்தது மாதிரி இல்லையா?

டாக்டர் விவரம் சொன்னபோது கொழுந்தன் சிரித்தான். "சாரத்துலேர்ந்து விழுந்தவனுக்குச் சாரம் கட்டியே வைத்தியமா? நல்லாருக்கே! கயிறு மட்டும் நல்லதாப் போடச் சொல்லுங்க சார்."

மாமியாரைக் கேட்கவே வேண்டாம். இறால் வாடை திடீரென்று வாசனையாகிவிட்டது. தெருமுனைத் தையற்கடையில் போய் உட்கார்ந்துகொண்டு, "என் மருமக கைபட்டா கிருமி பதினாலு அடி தள்ளி ஓடுதாம்" என்று அளந்தாள். மில்லிமீட்டர் அவள் வாயில் அடியாகி, இரண்டு நாளில் கஜமாகியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை. உருப்பெருக்கியில் படம் எடுக்கிற பெண் வந்து, "பஞ்சக்கா, படத்துக்குன்னு கழுவாத வில்லை வச்சிருந்தீங்களே, அதுல ரெண்டு குடுங்க" என்றாள்.

இந்தக் கழுவுற விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பொடியைக் கரைக்க அமிலம் ஊற்றுகிறார்கள் இல்லையா, அது வில்லைக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் காய்ந்த வில்லையைக் காரத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஆறு தண்ணீர் மாற்றிக் கழுவி, மறுபடி காயவைக்க வேண்டும். கழுவினால் வில்லை கொஞ்சம் சுருங்கி, ஓரம் நெளிந்து, கிழவி கன்னம் மாதிரி ஆகிவிடும். படத்துக்கு எடுப்பாக இருக்காது. அதனால் படத்துக்கு மட்டும் ஒரு தட்டு கழுவாமல் வைப்பது வழக்கம். புதுக் கலவை போட்ட அன்றைக்கும் ஒரே மாதிரி இரண்டு தட்டு. ஒன்று கழுவியது, ஒன்று கழுவாதது.

பஞ்சக்கா 'கழுவாதது - படத்துக்கு' என்று எழுதியிருந்த மூடியைத் திறந்தாள். உள்ளே பன்னிரண்டு வில்லை. பன்னிரண்டும் ஓரம் நெளிந்து, சுருங்கிக் கிடந்தன.

மூடியில் எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்தாள்.

ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டு, லிட்மஸ் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். நீலமும் மாறவில்லை, சிவப்பும் மாறவில்லை. கழுவின வில்லை. நன்றாக, ஆறு தண்ணீரும் கழுவின வில்லை.

'மூடியில எழுதாத, தட்டுல எழுது.' அந்த ஆய்வுக்கூடத்தில் புதிதாக வருகிற ஒவ்வொருத்தருக்கும் முதல் நாள் சொல்லுகிற முதல் பாடம் அது. சொல்லுகிறவள் யார்? பஞ்சக்காவேதான். காயவைக்கும்போது மூடியைக் கழற்றியாக வேண்டும். கழற்றின மூடி எந்தத் தட்டுக்குத் திரும்பப் போகும் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு அவசரம். தட்டில் எழுதுகிற பேனா மை தீர்ந்திருந்தது. எழுந்துபோய் வேறு எடுக்க அலுப்பு. இரண்டு மூடியிலும் எழுதி வைத்தாள், காய்ந்ததும் மாற்றி மூடினாள்.

அப்படியானால் கிருமிக்காரரிடம் போனது கழுவாத வில்லை. தட்டில் கிருமியைக் கொன்றது பஞ்சு இல்லை, பஞ்சுக்குள் மிச்சமிருந்த அமிலம். வினிகரை ஊற்றினால்கூட வட்டம் வந்திருக்கும். அதற்குத்தான் கேக் வெட்டினார்கள்.

"என்னக்கா, இல்லையா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தீந்துபோச்சும்மா" என்று பஞ்சக்கா மூடியை மூடினாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மூளை அப்போதுதான் பின்னாலேயே ஓடிவந்தது.

அந்தத் தட்டை அலமாரியின் அடித்தட்டில், உடைந்த புட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். ஒருவேளை கழுவின வில்லைக்கும் வட்டம் வரும், ஏன் வராது, இறால் ஓட்டுக்கே கொஞ்சம் சக்தி உண்டு என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கிறதே என்று மனசைத் தட்டிக்கொடுத்தாள். திங்கட்கிழமை கிருமிக்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவர் அறைக்குள் போய், தானே ஒரு தட்டில் கிருமி தடவி, கழுவின வில்லையை வைத்துவிட்டு வந்தாள். அவர் சொல்லிக்கொடுத்த வேலைதான். சொந்த வீட்டுக்குள் திருடப் போனவள் மாதிரி வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டே செய்தாள்.

மறுநாள் பார்த்தாள். வட்டமும் இல்லை, கிட்டமும் இல்லை. வேலியோரம் புல் முளைத்த மாதிரி, வில்லையின் ஓரம் வரைக்கும் கிருமி வந்து முட்டிக்கொண்டு நின்றது.

தட்டைக் கொதிநீராவிப் பெட்டிக்குள் போட்டு அழித்தாள். தட்டு அழிந்துவிட்டது. தெரிந்தது அழியுமா?

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். 'மேடம், மூடி மாறிப்போச்சு' என்று மூன்று வார்த்தை. அதற்காக மேடத்தின் அறை வாசல் வரைக்கும் போகத்தான் போனாள். மேடம் போனில் யாரிடமோ, "எங்க பஞ்சக்காவோட கைராசிங்க, நான் ஒண்ணும் பண்ணல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் உள்ளே வா என்று சைகை காட்டினார். பஞ்சக்கா, "ஒண்ணுமில்ல மேடம், டீ சொல்லட்டுமான்னு கேக்க வந்தேன்" என்றாள்.

டீ சொல்லுவது அவள் வேலையே இல்லை. பதினொரு வருஷத்தில் ஒரு நாள் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்.

அதற்கப்புறம் நாளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. இன்றைக்கு மேடத்துக்குத் தலைவலி, நாளைக்கு வெளியாட்கள் வருகிறார்கள், நாளன்றைக்கு ஞாயிறு. நடைவழியில் தன் படத்துக்குக் கீழே போகும்போது தலையைக் குனிந்துகொண்டு, தேள் கொட்டிய திருடன் மாதிரி நடந்தாள். யாராவது "என்ன பஞ்சக்கா, பெரிய ஆளாயிட்டீங்க, தலை நிமிர மாட்டேங்கறீங்க" என்று கிண்டல் பண்ணினால், சிரிக்கவும் வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்புத்தான் ரொம்பக் கஷ்டம்.

வீட்டில் அதைவிட மோசம். கொழுந்தன் காலுக்குச் சாயங்காலம் கட்டு மாற்றுவது அவள் பொறுப்பு. கணவர் கப்பல் வேலைக்காரர், வருஷத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில். மாமியாருக்குச் சீழைக் கண்டால் மயக்கம் வரும். அதனால் இரண்டு வருஷமாக இவள்தான். பழைய துணியை எடுத்து, துவாரத்தைக் கழுவி, புதுத் துணி வைத்துச் சுற்றுவாள். அவன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பான்.

"அண்ணி, காலு சரியானதும் மொத வேலையா உங்க ஆபீஸ் கட்டடத்துக்கு ஓசில வெள்ளையடிச்சுத் தரேன். சாரம் என்னோடது."

"மொதல்ல கால ஆட்டாம இரு."

"என்ன அண்ணி, ஒரு வாரமா உம்முனு இருக்கீங்க? பேர் வந்ததும் கெத்தா?"

"கெத்துமில்ல ஒண்ணுமில்ல. வேலை ஜாஸ்தி, தம்பி."

துணியைச் சுற்றுவாள். இந்தக் காலுக்குள்தான் அந்தப் பஞ்சு போகப்போகிறது. கிருமியைக் கொல்லாத பஞ்சு உள்ளே போனால் சும்மாவும் இருக்காது. அந்த ஆயிரம் ஓட்டையும் கிருமிக்கு ஆயிரம் அறையுள்ள வீடு. உள்ளே குடித்தனம் நடத்தும். அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. இது அவளுக்குத் தெரியும். யாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும் முடிச்சைப் போட்டு, நுனியைச் செருகிவிட்டு, கை கழுவப் போவாள்.

பதினேழு நாள் இப்படியே போனது.

பதினேழாவது நாள் காலை பத்து மணிக்கு எலும்பு டாக்டரின் அறையில் கூடினார்கள். டாக்டர், மேடம், கொழுந்தன், பஞ்சக்கா. கொழுந்தன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். மேசையில் ஏழு பக்கத்துக்கு ஒரு சம்மதப் படிவம். முழுக்கப் படித்துப் புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம்.

"ஒவ்வொரு பக்கமா படிங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க. அவசரமே இல்ல" என்றார் டாக்டர்.

கொழுந்தன் முதல் பக்கத்தைத் திருப்பினான், இரண்டாவதைத் திருப்பினான், நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டான். "எங்க சார் போடணும்?"

"படிச்சீங்களா?"

"இதுல என்ன சார் படிக்கறது? எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. சாரம் கட்டி முடிச்சா, கட்டினவன்தான் மொதல்ல ஏறணும். ஏறி, நடு மூங்கில்ல நின்னு, ரெண்டு உதை உதைச்சுப் பாக்கணும். அதுக்கப்புறம்தான் கொத்தனார் கால வைப்பார். ஒரு சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. கட்டினவன் ஏறினானா, அவ்ளோதான்." அவன் பஞ்சக்காவின் பக்கம் திரும்பினான். "நீங்க உதைச்சுப் பாத்தீங்கல்ல அண்ணி? எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தான்.

பஞ்சக்கா உதைத்துப் பார்த்தாளே! மூங்கில் முறிகிற சத்தத்தையும் கேட்டாளே! கேட்டுவிட்டு இறங்கி வந்து, மேலே போ என்று அவனுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

பேனா முனை காகிதத்தில் பட்டது.

"போடாத தம்பி."

குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. மூன்று பேரும் திரும்பினார்கள்.

"மூடி மாறிப்போச்சு" என்றாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னாள். இரண்டு தட்டு, மை தீர்ந்த பேனா, கழுவாத வில்லை, அமிலம், திருட்டுத்தனமாகச் செய்த சோதனை, வராத வட்டம். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேசை ஓரத்தில் ஆணி துருத்திக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "வெறும் பஞ்சு கிருமியக் கொல்லாது. இது வச்சா காலு போயிடும். எனக்குத் தெரியும்" என்று முடித்தாள்.

டாக்டர் படிவத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேடம் தலையில் இருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எப்போ தெரியும்?" என்றார் மேடம்.

"பதினேழு நாளாச்சு மேடம்."

"பதினேழு நாளா." மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கழுவினதா, நடுநிலைக்கு வந்துடுச்சான்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. வட்டத்தப் பாத்ததும் எனக்கும் புத்தி போயிடுச்சு. தப்பு என்னோடதும்தான். மூடி மாறினதுக்கு உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன், அது யாருக்கும் மாறும். ஆனா நான் இந்த வட்டத்த வச்சு எத்தன பேர்கிட்டப் பேசினேன்! எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு எனக்கு டீ சொன்னியேம்மா."

பஞ்சக்காவுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தரை பிளக்கவில்லை. ஆஸ்பத்திரித் தரை, வழவழவென்று அப்படியே கிடந்தது.

டாக்டர் பழைய வழி ஒன்று இருக்கிறது என்றார். எலும்பைச் சுரண்டி, மருந்து கலந்த சிமெண்ட் மணிகளைக் கோத்துக் குழிக்குள் வைப்பது, ஆறு வாரம் கழித்து மறுபடி திறந்து எடுப்பது. மருந்து அந்த இடத்தோடு நிற்கும், இரத்தத்தில் கொஞ்சம்தான் கலக்கும்; ஆனாலும் சிறுநீரகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். இரண்டு அறுவை, இரண்டு மயக்கம். எலும்பு தானாக மூடிக்கொள்ளுமா என்று உறுதி சொல்ல முடியாது. "புதுப் பஞ்சு சரியாகி வர இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் இந்தக் காலு காத்திருக்காது" என்றார்.

கொழுந்தன் பேனா மூடியை மூடினான். ஊன்றுகோலை எடுக்கப் பஞ்சக்கா கை நீட்டினாள். அவன் அவளுக்கு முன்னால் எட்டி எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு ஒரே வண்டியில்தான் போக வேண்டியிருந்தது. பாதி வழி வரைக்கும் அவன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு கட்டடம் கடந்தது, முன்பக்கம் முழுக்கச் சாரம். வழக்கமாக இருந்தால், 'கழுதை கட்டின முடிச்சு பாருங்க அண்ணி' என்று ஏதாவது நொட்டை சொல்லியிருப்பான்.

"பதினேழு நாளும் நீங்கதான கட்டு மாத்தினீங்க?" என்றான் திடீரென்று.

"ஆமா."

"ஆபீஸுக்கு வெள்ளையடிச்சுத் தரேன்னேனே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும் தம்பி."

அவன் தலையை ஆட்டினான். கோபமா, வருத்தமா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "நல்லா நடிக்கறீங்க அண்ணி" என்று மட்டும் சொன்னான். மறுபடி வெளியே பார்த்தான்.

வாசலிலேயே மாமியார் நின்றுகொண்டிருந்தாள். தையற்காரரையும் கூட நிறுத்தி வைத்திருந்தாள், நல்ல செய்தியைக் கேட்கட்டும் என்று. "என்னடா, கையெழுத்துப் போட்டாச்சா? எந்தக் கிழமை?"

பஞ்சக்கா வண்டியிலிருந்து இறங்கின இடத்திலேயே நின்றாள். கொழுந்தன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அம்மாவிடம், "மெஷின் ரிப்பேராம்மா. பஞ்சு காயவைக்கற மெஷின். ஒரு வருஷம் ஆகுமாம். அதனால வேற ஆபரேஷன் பண்றாங்க" என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே உள்ளே போனான்.

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. இத்தனைக்குப் பிறகும் அவளுக்கு ஒரு மறைப்பு கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறான். பேசாமல் அதற்குப் பின்னால் நின்றுகொண்டால் போதும். மாமியாரும் அதற்குள், "நாசமாப் போன மெஷினு! என் மருமக கையால செஞ்சது இந்நேரம் உள்ள போயிருக்கணும்" என்று தையற்காரரிடம் ஆரம்பித்துவிட்டாள்.

பஞ்சக்காவுக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஆசையாகத்தான் இருந்தது.

"மெஷின் இல்ல அத்தை" என்றாள். "நான்தான்."

தையற்காரர் நல்ல மனுஷர். கடையில் ஆள் காத்திருக்கிறது என்று முனகிக்கொண்டு நழுவிவிட்டார். பஞ்சக்கா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாம் முறை சொன்னால் சுலபமாக இருக்கும் என்பார்கள். பொய். டாக்டர் அறையிலாவது பார்க்க ஓர் ஆணி இருந்தது. இங்கே மாமியாரின் முகம் மட்டும்தான்.

வாய் ஓயாத அந்த அம்மாள் கேட்டு முடித்துவிட்டு, படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நானே தெருவுல எல்லார்கிட்டயும் வந்து சொல்லிடறேன் அத்தை. நீங்க சங்கடப்பட வேணாம்."

"சும்மா இரு. நீ வேற ஊர்வலம் போகாத." மாமியார் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள். "அவன் காலுக்குள்ள அத வைக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேல்ல?"

"முன்னாடியேதான் அத்தை."

"எவ்ளோ முன்னாடி?"

"பேனாவ வச்சுட்டான் அத்தை. முனை காகிதத்துல பட்டுடுச்சு."

மாமியார் அவளையே பார்த்தாள். தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. உள்ளே கொழுந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"அவ்ளோ நேரமாடி ஆச்சு உனக்கு?" என்றாள்.

"ஆமா அத்தை" என்றாள் பஞ்சக்கா. "அவ்ளோ நேரம் ஆச்சு."